பிணத்தின் பக்கத்தில் யாருமில்லை: ஹோல்பைனின் ஓவியமும் ‘அசடன்’ நாவலும்

ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த ‘கல்லறையில் இறந்த கிறிஸ்து’ ஓவியத்தையும் தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத வேண்டும், இரண்டிலும் ஒரே இருட்டு, ஒரே அவநம்பிக்கைதானே, அதற்குமேல் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஓவியத்தின் உணர்வுநிலை நாவலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறதா என்பது ஒன்று. ஓவியத்தின் தத்துவமும் நாவலின் தத்துவமும் ஒன்றுதானா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆம் என்று ஆதாரத்தோடு சொல்ல முடியும். இரண்டாவதற்கு என் பதில் இல்லை. இவற்றைப் பிரிக்காமல் எழுதப்போனால் இரண்டாம் பக்கத்திலேயே சொன்னதைச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நாவலை மூடி வைத்துவிட்டு முதலில் ஓவியத்தை மட்டும் பாருங்கள். ஹோல்பைன் இதை 1521-22-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வரைந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. லிண்டன் மரப்பலகை. நீளம் 200 சென்டிமீட்டர், உயரம் வெறும் 30.5 சென்டிமீட்டர். கல்லால் ஆன ஒரு பெட்டியின் பக்கச் சுவரை எடுத்துவிட்டு நமக்குக் காட்டுவதுபோல் அமைப்பு. அதற்குள் மல்லாந்து கிடக்கிறது உடல், தலை இடப்பக்கம், கால் வலப்பக்கம். உடலின் வலப்பக்கம் நம்மைப் பார்த்து இருப்பதால் விலாவில், கையில், பாதத்தில் என்று மூன்று காயங்கள் தெரிகின்றன. வாய் திறந்திருக்கிறது, கண்ணும் மூடவில்லை, விழி மேலே செருகியிருக்கிறது. முகம், கை, பாதம் மூன்றிலும் பச்சை கலந்த கருமை ஏறியிருக்கிறது. நடு உடல் அவ்வளவு கெடவில்லை. தலைமுடி கல்லின் விளிம்பைத் தாண்டி நம் பக்கம் தொங்குகிறது. எலும்பு தெரியும் வலது கையில் நடுவிரல் மட்டும் நீண்டு விரிப்பில் ஊன்றியிருக்கிறது. மேலே கல், முகத்துக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. எழுந்து உட்கார இடமில்லை.

இந்த ஓவியத்தைப் பற்றி எழுதுபவர்களில் பலர் தவறுவது அளவில்தான். கைப்பேசித் திரையில் 15 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கினால் உயரம் 2.3 சென்டிமீட்டர்கூட வராது, அது ஒரு கோடு. பெரிதாக்கினால் முகமோ கையோ தனியாக வரும், நெருக்கம் போய்விடும். செலவில்லாத வழி ஒன்று உண்டு. பழைய செய்தித்தாள்களை ஒட்டி இரண்டு மீட்டர் நீளம், ஒரு அடி உயரத்துக்கு ஒரு பட்டை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். ஓர் ஆள் முழு நீளத்துக்கு உள்ளே படுத்திருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஓவியத்தின் மூச்சுமுட்டல் முதலில் வருவது அந்த விகிதத்திலிருந்து, பச்சை நிறமெல்லாம் பிறகு. இன்னொன்று, ஓவியத்துக்கு மேலே தனிப்பட்டையாக, சிலுவைப் பாடுகளின் கருவிகளை ஏந்திய தேவதூதர்களோடு ‘நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்’ என்று லத்தீனில் எழுதியிருக்கும். இணையப் படங்கள் பலவற்றில் அதை வெட்டிவிடுகிறார்கள். அது போனால், கிடப்பவர் இன்னார் என்று எழுத்தால் சொல்லும் ஒரே அடையாளமும் போகிறது.

அடுத்ததாக, ஓவியத்தில் இல்லாதவற்றை ஒரு பட்டியல் போடுங்கள். மரியாள் இல்லை. சீடர் யோவான் இல்லை. அழும் பெண்கள் இல்லை. ஒளிவட்டம் இல்லை, வானம் இல்லை, கதவு இல்லை. மிலான் நகரில் இருக்கும், இத்தாலிய ஓவியர் மந்தேன்யாவின் ஓவியத்தில் பாதம் முன்னே நீட்டிக் கிடக்கும் கிறிஸ்துவும் இதே அளவுக்குப் பிணம்தான். ஆனால் அங்கே இடது ஓரத்தில் அழும் முகங்கள் இருக்கின்றன. நாம் அவர்களோடு சேர்ந்து அழலாம். ஹோல்பைன் அந்த வழியை அடைத்துவிட்டார். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டுக் கணக்கு, அதாவது உணர்வுகளை அது வகுத்த முறை, இங்கே எனக்கு உதவியிருக்கிறது. அழுகை பிறக்கும் நான்கு இடங்களில் இழவும் ஒன்று. இழவு என்றால் இழந்தவர் ஒருவர் வேண்டும். இந்தப் பெட்டிக்குள் இழந்தவர் யாருமில்லை, அதனால் அழுகை எழ இடமில்லை. எஞ்சுவது இளிவரலும், அதாவது அருவருப்பும், அச்சமும். ‘சோகமான ஓவியம்’ என்று எழுதினால் தவறிவிடுவது இந்த இடத்தில்தான். இதில் சோகம் இல்லை, சோகப்பட ஆளில்லாத நிலைதான் இருக்கிறது.

தத்துவத்துக்கு வந்தால், 1521-இன் பாசலை மறக்கக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிரான லூதரின் கலகம் தொடங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கிறிஸ்துவின் காயங்களை ஒவ்வொன்றாக நினைத்து உருகுவது அந்தக் காலப் பக்தியின் நடைமுறை. பெரிய வெள்ளியன்று கிறிஸ்துவின் உருவத்தைக் கல்லறையில் வைத்து, ஈஸ்டர் வரை காத்திருக்கும் சடங்கும் இருந்தது. ஓவியம் எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. பலிபீடத்தின் அடிப்பலகை என்பார்கள் சிலர், அப்படிப்பட்ட கல்லறைச் சடங்குக்கானது என்பார்கள் வேறு சிலர். எதுவானாலும், அன்று அதன்முன் நின்றவருக்கு மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று தெரியும். உடல் எவ்வளவுக்குக் கெட்டிருக்கிறதோ, உயிர்த்தெழுதல் அவ்வளவுக்குப் பெரிய அற்புதம் என்று அவர் எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. இதே பலகை ‘உயிர்த்தெழுதல் நடக்கவே இல்லை’ என்று சொல்வதாகவும் படிக்கலாம். ஓவியம் இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டுச் சும்மா கிடக்கிறது. ரைன் ஆற்றில் மூழ்கிய ஒருவரின் உடலைப் பார்த்து ஹோல்பைன் வரைந்தார் என்ற கதையை இணையத்தில் பார்ப்பீர்கள். அது செவிவழி மரபு, ஆதாரமில்லை. கட்டுரையில் உண்மைபோல் எழுதிவிடாதீர்கள்.

தஸ்தயேவ்ஸ்கி ஓவியத்தைப் பார்த்தது 1867 ஆகஸ்டில், மனைவி அன்னாவோடு ஜெனீவாவுக்குப் போகும் வழியில். இதற்கு அன்னாவே சாட்சி, ஆனால் அவர் இரண்டு சாட்சியங்களை விட்டுச்சென்றிருக்கிறார். அந்த நாட்களிலேயே சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பில், கணவர் கிட்டே பார்ப்பதற்காக நாற்காலிமேல் ஏறி நின்றார் என்றும், அபராதம் போட்டுவிடுவார்களோ என்று தான் பயந்ததாகவும் எழுதுகிறார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதிய நினைவுக்குறிப்பில் நாற்காலி காணாமல் போகிறது. தான் வேறு அறைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோதும் அவர் அதே இடத்தில் அறைந்ததுபோல் நின்றார், வலிப்பு வருவதற்கு முன் தோன்றும் மிரட்சி முகத்தில் இருந்தது, கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்தேன் என்று இருக்கிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இரண்டாவதை, ஏனென்றால் அது நாடகம்போல இருக்கிறது. நான் நாற்காலியை விட மாட்டேன். அபராதம் கட்டினாலும் பரவாயில்லை என்று ஏறிப் பார்க்கும் ஆள் வெறுமனே உறைந்துபோனவர் அல்ல, நுணுக்கமாகப் பார்க்கிறவர். அவர் வெறுங்கண்ணோடு போகவும் இல்லை. ரஷ்யர்கள் பெரிதும் படித்த எழுத்தாளர் கரம்ஸினின் பயணக் கடிதங்களில் இதே ஓவியத்தைப் பற்றிய குறிப்பு உண்டு: தெய்வீகம் எதுவும் தெரியவில்லை, இறந்த மனிதனாக மிக இயல்பாக இருக்கிறது என்ற தொனியில். மூழ்கியவர் கதையும் அங்கேயே வருகிறது. போதாததற்கு, பெரிய வெள்ளியன்று ரஷ்யத் தேவாலயத்தில் எடுத்துவரும் திருத்துணியில் இறந்த கிறிஸ்து அமைதியான முகத்தோடு, பெரும்பாலும் அழும் உறவுகள் சூழக் கிடப்பார். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பாசல் பலகை எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

இனி நாவல். எம்.ஏ. சுசீலாவின் தமிழ் மொழிபெயர்ப்பை வைத்திருந்தால் நான்கு இடங்களில் அடையாளத் தாள் வையுங்கள்: முதல் பாகம் 5, 6 அத்தியாயங்கள், இரண்டாம் பாகம் 4, மூன்றாம் பாகம் 6, நான்காம் பாகம் 11. முதல் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஜெனரல் எபான்சின் வீட்டில் நாவலின் நாயகன் மிஷ்கின், பாசலில் பார்த்த ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேச்செடுத்து, பிறகு சொல்கிறேன் என்று நிறுத்துகிறான். அவசரத்தில் படிப்பவர்கள் இதையே ஹோல்பைன் ஓவியம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அங்கே பேச்சு, தலை வெட்டப்படுவதற்கு ஒரு கணம் முன்பான முகத்தைப் பற்றியது. பாசலிலேயே இருக்கும் ஹான்ஸ் ஃப்ரீஸ் வரைந்த திருமுழுக்கு யோவானின் சிரச்சேத ஓவியமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சற்றுத் தள்ளி, அந்த வீட்டு மகள் அலெக்சாண்ட்ராவின் முகம் டிரெஸ்டனில் இருக்கும் ஹோல்பைன் மடோனாவை, அதாவது மரியாள் ஓவியத்தைப்போல் இருக்கிறது என்றும் மிஷ்கின் சொல்கிறான். அந்த டிரெஸ்டன் மடோனா பின்னாளில் படுத்த பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1871-இல் அதையும் டார்ம்ஷ்டாட்டில் இருந்த அதே மடோனாவின் இன்னொரு வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, டிரெஸ்டனில் இருப்பது பிற்கால நகல், டார்ம்ஷ்டாட்டில் இருந்ததே மூலம் என்று முடிவானது. நாவலில் வரும் இரண்டு ஹோல்பைன்களும் நகல்கள் என்றாகிறது. இதிலிருந்து தத்துவம் எதையும் பிழிய வேண்டாம், வெறும் தற்செயல்.

இரண்டாவது இடம், நஸ்டாஸ்யா என்ற பெண்ணுக்காக மிஷ்கினோடு போட்டியில் இருக்கும் ரகோஜினின் வீடு. அப்பா ஏலத்தில் ஒன்றும் இரண்டுமாக ரூபிள் கொடுத்து வாங்கிய படங்களுக்கு நடுவே, கதவுக்கு மேலே ஹோல்பைன் நகல் தொங்குகிறது. அளவைத் தஸ்தயேவ்ஸ்கி துல்லியமாகச் சொல்கிறார்: நீளம் சுமார் இரண்டரை அர்ஷின், உயரம் ஆறு வெர்ஷோக்குக்கு மேல் போகாது. அர்ஷின் என்பது 71.12 சென்டிமீட்டர், அதில் பதினாறில் ஒரு பங்கு வெர்ஷோக். கணக்குப் போட்டால் 178-க்கு 27 சென்டிமீட்டர் வருகிறது. மூலத்தைவிட நகல் சற்றுச் சிறியது, ஆனால் விகிதம் ஏறக்குறைய அதேதான்: அங்கே 6.6, இங்கே 6.7. அந்த நெருக்கத்தை அவர் கைவிடவே இல்லை. உணர்வுநிலை கைமாறியதற்கு முதல் சான்றாக இதைக் காட்டலாம். இந்தப் படத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும் என்கிறான் ரகோஜின். இந்தப் படத்தால் ஒருவனுக்கு விசுவாசமே போய்விடலாம் என்று பதறுகிறான் மிஷ்கின். அதுவும் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று வருகிறது பதில். ஒரே பலகை, இரண்டு பேர், இரண்டு பதில். பலரும் இந்த உரையாடலோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த பக்கங்களையும் படியுங்கள். வெள்ளிக் கடிகாரத்துக்காக நண்பனின் கழுத்தை அறுத்தவன், தகரச் சிலுவையை வெள்ளி என்று விற்ற சிப்பாய், கைக்குழந்தை முதல்முறை சிரித்ததும் சிலுவைக்குறி போட்டுக்கொண்ட தாய் என்று மிஷ்கின் வரிசையாகச் சொல்வதும், இருவரும் சிலுவை மாற்றிக்கொள்வதும் அந்தப் படத்துக்கான நேரடி எதிர்வினைகள். விசுவாசம் வாதத்தால் வருவதில்லை, அதனால் வாதத்தாலோ படத்தாலோ அழிவதுமில்லை என்பதே அவன் பக்கம். அதே ரகோஜின் சிறிது நேரத்தில் அவனைக் குத்தக் கத்தியெடுக்கிறான் என்பதும் நாவலின் பக்கம்தான்.

மூன்றாவது இடம்தான் கனமானது. காசநோயால் சாகப்போகும், பதினெட்டு வயதைத் தாண்டாத இப்போலிட் தன் ‘அவசியமான விளக்க’த்தை உரக்கப் படிக்கிறான். ரகோஜின் வீட்டில் அந்தப் படத்தின்முன் ஐந்து நிமிடம் நின்றவன் அவன். ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் அவன் சொல்வதையும் மறுபக்கம் ஓவியத்தில் இருப்பதையும் எழுதுங்கள். அடிபட்டு வீங்கிய முகம், இரத்தம் கட்டிய காயங்கள் என்கிறான் அவன். ஹோல்பைனின் முகத்தில் அப்படி வீக்கம் இல்லை, ஒடுங்கி நிறம் மாறிய முகம் அது. சிலுவையிலிருந்து அப்போதுதான் இறக்கியது என்கிறான். ஓவியத்தில் உடல் கல்லறைக்குள் கிடக்கிறது. கண்ணின் வெண்மை கண்ணாடிபோல் மின்னுகிறது என்பது மட்டும் அப்படியே பொருந்துகிறது. மிகைகள் எல்லாம் ஒரே திசையில் போகின்றன. படம் காட்டுவது சாவுக்குப் பிந்தைய நிலை. இப்போலிட் அதில் பார்ப்பது சாவுக்கு முந்தைய வதை, ஆறு மணி நேரச் சிலுவை வேதனை. அந்த வதையை நோக்கி நடந்துகொண்டிருக்கும் ஆள் அவன். பிறகுதான் தன் கேள்வியைக் கேட்கிறான்: சீடர்களும் பெண்களும் இப்படிப்பட்ட உடலைப் பார்த்திருந்தால், இவர் எழுவார் என்று எப்படி நம்பியிருப்பார்கள்? அந்த ஆட்கள் யாரும் படத்தில் இல்லை என்பதையும் அவனே சொல்கிறான். நான் மேலே சொன்ன வெற்றிடத்தைத் தஸ்தயேவ்ஸ்கி பார்த்திருக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. இயற்கை என்பது ஊமையான, இரக்கமற்ற ஒரு பெரும் மிருகம் என்று தொடங்கும் இப்போலிட், உடனே திருத்திக்கொண்டு, புத்தம்புதிய அமைப்பில் செய்த ஓர் இராட்சத இயந்திரம், விலைமதிப்பற்ற ஓர் உயிரைக் கவ்வி நசுக்கி விழுங்கிவிட்டது என்கிறான். இந்த இயந்திரம் 1521-இன் மனத்தில் இருந்திருக்க முடியாது. இது ரயிலும் நீராவியும் வந்துவிட்ட, பிரெஞ்சு அறிஞர் ரெனான் எழுதிய இயேசுவின் வாழ்க்கை வரலாறு 1863-இல் வெளியாகி ஐரோப்பாவே சண்டையிட்ட பத்தாண்டின் சொல். ஓவியத்தின் தத்துவம் என்று பலர் எடுத்தாள்வது இந்த ஒரு பத்தியைத்தான். அது இப்போலிட்டின் தத்துவம், ஓவியத்தின் வாயில் அவன் வைத்தது.

நம் அகப்பாடல்களைப் படிக்கும்போது முதலில் கேட்பது கூற்று யாருடையது என்பதை. தலைவி சொன்னதைப் புலவரின் சொந்தக் கருத்தாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதே ஒழுங்கை இங்கே கடைப்பிடித்தால் பாதிச் சிக்கல் தீரும். இப்போலிட் பேசுவது விடியப்போகும் நேரத்தில், குடித்துக் களைத்த, சலித்துப்போன கூட்டத்தின்முன். படித்து முடித்துத் துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்துகிறான், அது வெடிக்கவில்லை. மருந்தைப் பற்றவைக்கும் வெடிமூடியைப் போட மறந்திருக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நாவலின் ஆகக் கூர்மையான தத்துவ வாதத்தைச் சொன்னவனை ஆகக் கேலிக்குரிய இடத்தில் நிறுத்துகிறார் ஆசிரியர். வாதத்தை மறுக்கிறாரா என்றால் அதுவுமில்லை. நாவலில் யாரும் அதற்கு வரிக்கு வரி பதில் சொல்வதில்லை. தஸ்தயேவ்ஸ்கியின் சொந்த நிலைப்பாடு வேண்டுமானால் கடிதங்களுக்குப் போங்கள். கிறிஸ்து உண்மைக்கு வெளியே இருக்கிறார் என்று யாராவது நிரூபித்தாலும், நான் உண்மையோடு அல்ல, கிறிஸ்துவோடுதான் இருக்க விரும்புவேன் என்று 1854-இல் எழுதியவர் அவர். முழுமையாக அழகான ஒரு மனிதனைச் சித்திரிப்பதே இந்த நாவலின் எண்ணம் என்று 1868 ஜனவரியில் சகோதரியின் மகளுக்கு எழுதியவரும் அவரே. இந்த இரண்டு வரிகளையும் இப்போலிட்டின் பத்திக்குப் பக்கத்தில் வைத்தால், ‘நாவலின் தத்துவம் அவநம்பிக்கை’ என்று ஒரே வரியில் முடிக்கக் கை வராது.

கடைசி இடம். இங்கே ஹோல்பைன் பெயரே வராது. அதே ரகோஜின் வீடு. திரைக்குப் பின்னால் கட்டிலில், ரகோஜின் குத்திக் கொன்ற நஸ்டாஸ்யாவின் உடல், தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி. துணியின் ஓரத்தில் பளிங்கில் கடைந்ததுபோல் பாதத்தின் நுனி மட்டும் வெளியே தெரிகிறது. வாடை அடிக்காமல் இருக்கக் கிருமிநாசினி பாட்டில்கள் நான்கைத் திறந்து வைத்திருக்கிறான், அடியில் எண்ணெய்த்துணி விரித்திருக்கிறான். வழிந்த இரத்தம் அரைக் கரண்டி. ஓர் ஈ ரீங்கரித்துக்கொண்டு பறந்து தலைமாட்டில் போய் அடங்குகிறது. நீட்டிக் கிடக்கும் உடல், மூடிய இடம், அழுகலைப் பற்றிய கணக்கு, அழகுபடுத்தாத விவரம் என்று எல்லாம் பாசல் பலகையிலிருந்து வந்தவைபோல் தோன்றும். பல ஆய்வாளர்கள் அப்படியே படிக்கிறார்கள், எனக்கும் அந்த வாசிப்புப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் ஆசிரியர் எங்கும் சொல்லாத தொடர்பு, ஆகவே கட்டுரையில் ஊகம் என்றே எழுதுங்கள். எழுதும்போது வேறுபாட்டையும் விடாதீர்கள். ஹோல்பைனின் பெட்டியில் பிணத்தின் பக்கத்தில் யாருமில்லை. இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். தரையில் மெத்தை போட்டு, உடலுக்குப் பக்கத்தில் இரவு முழுக்கக் கிடக்கிறார்கள். அந்த உடலைச் சுற்றி நின்றவர்கள் என்ன உணர்ந்திருப்பார்கள் என்று இப்போலிட் கேட்டதற்கு நாவலில் கிடைக்கும் விடை இந்த அறைதான். இங்கே யாரும் தத்துவம் பேசுவதில்லை. ரகோஜின் பிதற்றத் தொடங்கும்போதெல்லாம் மிஷ்கின் நடுங்கும் கையை நீட்டி அவன் தலைமுடியையும் கன்னத்தையும் தடவிக்கொடுக்கிறான். காலையில் கதவைத் திறந்து ஆட்கள் உள்ளே வரும்போது அவனுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை, கை மட்டும் தடவிக்கொண்டிருக்கிறது.